சமையல் சேனலுக்கு ஒரு தணிக்கை அறிக்கை

இருபத்துநான்கு மணி நேரமும் சமையலையே காட்டும் சேனலை அமெரிக்காவில் தொடங்கியவர்கள் சமையல்காரர்கள் இல்லை, கேபிள்காரர்கள். அதன் முதல் தலைவராக வந்து உட்கார்ந்தவர் ரீஸ் ஷோன்ஃபெல்ட். 1980இல் டெட் டர்னரோடு சேர்ந்து சிஎன்என்னைத் தொடங்கியவர். ராத்திரி இரண்டு மணிக்கும் உலகத்தில் எங்கேயாவது யாராவது அடித்துக்கொண்டிருப்பார்கள், அதைப் பார்க்கவும் யாராவது விழித்திருப்பார்கள் என்று கண்டுபிடித்த மனிதர். பதின்மூன்று வருடம் கழித்து, அதே ராத்திரி இரண்டு மணிக்கு வெங்காயம் வதங்குவதைப் பார்க்கவும் ஆள் இருக்கும் என்று முடிவுகட்டினார். 1993 நவம்பர் 23 அன்று ‘டிவி ஃபுட் நெட்வொர்க்’ நியூயார்க்கிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. மனிதரின் கணக்கு இரண்டு தடவையும் தப்பவில்லை.

ஆரம்பத்தில் சேனலிடம் காசு குறைவு. நிகழ்ச்சிகளும் அதற்குத் தகுந்த எளிமையில் இருந்தன. ஒன்றின் பெயர் ‘ஹவ் டு பாயில் வாட்டர்’, அதாவது வெந்நீர் வைப்பது எப்படி. நடத்தியவர் லேசான ஆள் இல்லை. நியூ ஆர்லியன்ஸில் 1990இலேயே சொந்த உணவகம் திறந்து பேர் வாங்கியிருந்த எமரில் லகாஸி. வெந்நீர் வைத்துக் காட்டுவதற்கு ஒரு ஆளைப் போட்டுச் சம்பளமும் கொடுத்தார்கள் என்பதை என் மாமியார் இன்றுவரை நம்பவில்லை.

அந்த எமரில்தான் 1997இல் ‘எமரில் லைவ்’ என்று மேடையேறினார். எதிரே பார்வையாளர்கள், பக்கத்தில் வாத்தியக் கோஷ்டி. மசாலாவை அள்ளிச் சட்டியில் வீசும்போது “பாம்!” என்று ஒரு கூச்சல். ஒரே நாளில் பல நிகழ்ச்சிகளைப் படம்பிடித்த காலத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிந்த கேமராக்காரர்களை எழுப்பத்தான் அந்தக் கூச்சல் பிறந்தது என்று சொல்வார்கள். நான் அமெரிக்கா வந்த புதிதில் பார்த்து வியந்தது வேறு. அவர் ஒரு கை பூண்டை எடுத்துப் போட்டால் கூட்டம் மொத்தமும் கைதட்டும். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பூண்டு உரித்திருக்கிறார்கள். ஒருத்திக்கும் ஒரு கைதட்டு விழுந்ததில்லை.

இந்தச் சேனல் எங்கள் வீட்டை முழுசாகப் பிடித்துக்கொண்டது 2010 கோடையில். என் மாமனாரும் மாமியாரும் திருநெல்வேலியிலிருந்து நியூஜெர்சிக்கு வந்திருந்தார்கள். மாமா ரிடையரான கூட்டுறவுத் தணிக்கையாளர். பால் சங்கம், நெசவாளர் சங்கம், கடன் சங்கம் என்று மாவட்டம் முழுக்கச் சுற்றி, கணக்கில் என்ன தப்பு என்று கண்டுபிடித்தே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவர். தப்பே இல்லாத கணக்கு என்று ஒன்று இருப்பதாக அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். தப்பை நன்றாக ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். சமையலறைக்கும் அவருக்கும் இருந்தது குரல்வழித் தொடர்பு மட்டும். “ஏளா, காப்பி” என்று ஹாலிலிருந்து குரல் போகும். காப்பி வரும்.

தமிழ்ச் சேனல்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. “அடுத்த மாசம் போட்டுருவோம்ப்பா” என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் காகிதத்தில். அமெரிக்கர்கள் வாயால் பேசியதுதான் சிக்கல். செய்தி ஓடுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பேஸ்பால் ஆட்டத்தில் எல்லோரும் எதற்காகவோ காத்துக்கொண்டே இருந்தார்கள். ரிமோட்டை அமுக்கி அமுக்கிக் கடைசியில் இங்கே வந்து நின்றார். ஒருவன் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். யாரும் விளக்காமலே புரிந்தது. அன்றோடு ரிமோட் ஓய்ந்தது.

மாமாவும் மாமியாரும் சுத்த சைவம். சேனலிலோ பன்றியும் மாடும் நண்டும் அணிவகுத்தன. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. “மாத்தட்டுமா மாமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? பாக்கதுக்கு என்னம்மா, டிவியில வாடையா வருது? கண்ணுக்குச் சைவமும் கிடையாது, அசைவமும் கிடையாது” என்றார். சித்தாந்தச் சிக்கல் ஒன்றை அவ்வளவு சுருக்கமாகத் தீர்த்துவைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு வாரத்தில் கையில் நோட்டு ஏறியது. கூடவே சிவப்புப் பேனா. முதல் தணிக்கை, ரேச்சல் ரேயின் ‘30 மினிட் மீல்ஸ்’. 2001இல் தொடங்கிய நிகழ்ச்சி. அரை மணி நேரத்தில் முழுச் சாப்பாடு என்பது அந்த அம்மாவின் வாக்குறுதி. குளிர்பெட்டியிலிருந்து கை கொள்ளாமல் காய்களை அள்ளிக்கொண்டு வருவார், சிரிப்பார், தோலைப் போட ஒரு கிண்ணம் வைத்திருப்பார், சொன்ன நேரத்துக்கு முடித்தும்விடுவார். மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு பார்த்தார்.

“முப்பது நிமிசம்னு சொல்லுதா. விளம்பரமே எட்டு நிமிசம் போகுது. மிச்சம் இருபத்திரெண்டு. அப்போ அந்த எட்டு நிமிசச் சமையலுக்கு வவுச்சர் எங்க?”

நியாயமான கேள்வி. ஆனால் அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பியது. “அந்தப் பிள்ளை அரை மணியில மூணு ஐட்டம் வைக்கா. நம்ம வீட்டுல சாம்பாருக்கே ஒரு மணி நேரம் ஆகுதே, ஏம்மா?”

சேனலின் உள்விவகாரத்தை அவருக்கு விளக்கினேன். கேமராவுக்கு முன்னால் தெரிகிற சமையலறைக்குப் பின்னால் இன்னொரு சமையலறை இருக்கும். கழுவ, நறுக்க, அளந்துவைக்க அங்கே ஆட்கள் உண்டு. வான்கோழி வறுக்கிற நிகழ்ச்சி என்றால் பச்சையாக ஒன்று, பாதி வெந்தது ஒன்று, பொன்னிறமாக ஒன்று என்று வரிசையாகக் காத்திருக்கும். நிகழ்ச்சி நடத்துகிறவர் அடுப்புக்குள் ஒன்றைத் தள்ளிக் கதவைச் சாத்துவார், விளம்பரம் போகும், வந்து வேறொன்றை எடுப்பார். தட்டில் கீரை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பார்ப்பதற்கே ஃபுட் ஸ்டைலிஸ்ட் என்று ஒருவர் சம்பளம் வாங்குகிறார்.

மாமா யோசித்தார். “அப்போ அவளுக்குப் பின்னால ஒரு பட்டாளமே நிக்கி.”

எனக்குப் பின்னால் நீங்கள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள் மாமா என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட வசனங்களை மருமகள்கள் பிற்காலத்தில் கட்டுரை எழுதுவதற்காகச் சேமித்துவைக்கிறோம்.

மாமியார் முதலில் இந்தச் சேனலைச் சட்டை செய்யவில்லை. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவளுக்கு உட்கார்ந்தால் இன்னொரு அடுப்படியா என்பது அவர் கட்சி. அவரை இழுத்துப் பிடித்தது ‘பேர்ஃபுட் கன்டெஸ்ஸா’ நடத்திய ஐனா கார்ட்டன். அந்த அம்மாவின் முன்கதை சுவாரசியமானது. வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்தில் அணுசக்திக் கொள்கைக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1978இல் அதை விட்டுவிட்டு லாங் ஐலண்டில் ஒரு பலகாரக் கடையை வாங்கிவிட்டார். கடையின் பெயர்தான் நிகழ்ச்சிக்கும். சர்க்காரில் கோப்பு பார்த்தவர் என்றதும் மாமாவும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய தோட்டம், வெளிச்சமான சமையலறை, எதைப் போட்டாலும் ‘நல்ல’ வெனிலா, ‘நல்ல’ ஆலிவ் எண்ணெய். அவர் கணவர் ஜெஃப்ரி யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். வாரம் முழுக்க அங்கே வேலை, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவார். அவர் வருகைக்காக ஐனா கோழி வறுப்பார். வறுக்கும்போதே முகம் பூத்துவிடும்.

“எப்படிச் சிரிச்சிக்கிட்டே சமைக்கா பாரு. நீயும் இருக்கியே” என்றார் மாமா.

“புருசன் வாரத்துக்கு ஒருநா வந்தா நானும் சிரிச்சிக்கிட்டுத்தான் சமைப்பேன்” என்றார் மாமியார்.

அந்தத் தணிக்கை அத்தோடு முடிந்தது.

சாண்ட்ரா லீ என்பவரின் ‘செமி ஹோம்மேட்’ என் சொந்த மானத்தோடு சம்பந்தப்பட்டது. அவர் தத்துவப்படி எழுபது சதவீதம் கடையில் ரெடியாக வாங்கியது, முப்பது சதவீதம் புதிதாகச் சேர்ப்பது. இரண்டும் கலந்தால் வீட்டுச் சமையல். பெரிய சமையல் விற்பன்னர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மாமாவும் விடவில்லை. “எழுபது சதம் கொள்முதல், முப்பது சதம் உற்பத்தி. இதுக்குப் பேரு சமையல் இல்லம்மா, ஏஜென்சி.”

நான் வாயைத் திறக்கவில்லை. என் ஃப்ரீசரில் துருவிய தேங்காய், நறுக்கிய முருங்கைக்காய், உரித்த சின்ன வெங்காயம், பரோட்டா எல்லாம் பாக்கெட் பாக்கெட்டாக உறைந்து கிடந்தன. இட்லி மாவு எடிசன் என்ற ஊரில் ஒரு கடையிலிருந்து டப்பாவில் வந்தது. வெளிநாட்டில் வேலைக்குப் போகிற தமிழ்ப் பெண்ணின் குடித்தனம் முழுக்க சாண்ட்ரா லீயின் கணக்கில்தான் ஓடுகிறது. எழுபதோடு நிறுத்துகிறவள் எங்களில் உழைப்பாளி.

ஆல்டன் பிரவுன் வேறு ரகம். ‘குட் ஈட்ஸ்’ என்ற நிகழ்ச்சியில் பால் ஏன் திரிகிறது, மாவு ஏன் உப்புகிறது என்று பொம்மைகளை வைத்து விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் உதவுகிற சாமான் சமையலறையில் இருக்கவே கூடாது. ‘யூனிடாஸ்கர்’ என்று பெயர் வைத்துத் திட்டுவார். அவர் விதிவிலக்காக அனுமதிக்கும் ஒரே சாமான் தீயணைப்புக் கருவி.

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது மாமியார் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார். அந்த உரல் அவரோடு திருநெல்வேலியிலிருந்து விமானத்தில் வந்தது. கூடவே பணியாரச் சட்டி, முறுக்கு அச்சு, புட்டுக்குழல், தேங்காய்த் துருவி. நூவர்க் விமான நிலையத்தில் ஒரு அதிகாரி உரலை எடுத்து, அடியில் இருந்த ஓட்டைகள் வழியாக மாமியாரைப் பார்த்தார். மாமியாரும் இந்தப் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்தார். ‘ஃபுட்’ என்ற ஒரே வார்த்தையில் விசாரணை முடிந்தது.

“இடியாப்ப உரல்ல இடியாப்பம் பிழியாம வேட்டியா பிழிவாவ?” என்றார் மாமியார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அடுப்படியில தீயணைக்கதுக்கு ஒண்ண வாங்கி வச்சிருக்காம்லா, அவன் சமையல் லட்சணம் அதுலயே தெரியுது” என்று தீர்ப்பு எழுதினார். ஆல்டன் பிரவுனை இதைவிடச் சிறப்பாக யாரும் விமர்சித்ததாக எனக்குத் தெரியவில்லை.

மாமாவைச் சோபா நுனிக்கு நகர்த்தியது ‘அயர்ன் ஷெஃப் அமெரிக்கா’. அதன் மூலம் ஜப்பானில், ஃபுஜி டிவியில். 1993 முதல் 1999 வரை ஓடியது. சேர்மன் காகா என்ற பெயரில் ஒருவர் ராஜா வேஷத்தில் வருவார், ஒரு குடைமிளகாயைப் பச்சையாகக் கடித்து முறைப்பார். ‘கிச்சன் ஸ்டேடியம்’ என்ற அரங்கில் ஒரே ஒரு பொருளைத் திரை விலக்கிக் காட்டுவார். இரண்டு சமையல் வல்லுநர்கள் அதை வைத்து ஒரு மணி நேரத்தில் பல பதார்த்தங்கள் செய்து மோத வேண்டும். ஜப்பானிய நிகழ்ச்சியை ஆங்கிலக் குரலோடு ஃபுட் நெட்வொர்க் காட்டியது, பைத்தியமாகப் பார்த்தார்கள். அப்புறம்தான் அமெரிக்கப் பதிப்பு.

திரையில் அமெரிக்கச் சமையல் வல்லுநர் பாபி ஃப்ளேயைக் கண்டதும் 2000ஆம் வருடக் கதையை அவர்களுக்குச் சொன்னேன். அந்த வருடம் ஜப்பான்காரர்கள் நியூயார்க்குக்கே வந்து போட்டி நடத்தினார்கள். ஜப்பானிய அயர்ன் ஷெஃப் மொரிமோட்டோவுக்கு எதிராக பாபி ஃப்ளே. பொருள் நண்டு. சமைக்கும்போது ஃப்ளேக்குக் கை வெட்டுப்பட்டது, மின்சார ஷாக்கும் அடித்தது. நேரம் முடிந்ததும், ஜெயித்தே விட்டதுபோல, காய் நறுக்கும் பலகைமேல் ஏறி நின்று கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினார். மொரிமோட்டோ கொதித்துப்போனார். கத்தியும் பலகையும் எங்களுக்குப் புனிதம், அதன்மேல் கால்வைத்தவன் சமையல்காரனே இல்லை என்றார். போட்டியிலும் மொரிமோட்டோதான் ஜெயித்தார். அடுத்த தடவை ஜப்பானில் மோதியபோது ஃப்ளே பலகையை எடுத்துப் போட்டுவிட்டு வெறும் மேடைமேல் ஏறினார். அந்த முறை அவர் ஜெயித்தார்.

மாமியார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். முறத்தில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற ஆள். “அம்மிய மிதிக்கதுக்கே நமக்குக் கல்யாணத்தன்னைக்கு ஒரே ஒரு தரந்தான் உத்தரவு. இவன் எல்லாரு முன்னாலயும் ஏறி நின்னிருக்கான். கை வெட்டுப்பட்டது அதனாலதான்.”

“அத்தை, கை வெட்டுப்பட்டது முதல்ல. பலகைல ஏறினது பிறகுதான்.”

“ஏறப் போறாம்னு அதுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கும்லா?”

எதுக்குத் தெரிஞ்சிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கோடையில்தான் ‘தி நெக்ஸ்ட் ஃபுட் நெட்வொர்க் ஸ்டார்’ போட்டியின் ஆறாவது சுற்று நடந்தது. ஜெயிக்கிறவருக்குச் சேனலில் சொந்த நிகழ்ச்சி கிடைக்கும். 2006இல் அப்படி ஜெயித்து வந்தவர் கை ஃபியரி. வெளுத்த முடியைக் குத்தீட்டியாக நிறுத்தி, சிவப்பு நிறத் திறந்த காரில் ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன உணவகங்களில் சாப்பிடுகிறவர். “கண்ணாடியப் பின்மண்டையில மாட்டியிருக்கானே, பின்னால யாரும் பில்லோட வாராவளான்னு பாக்கவா?” என்று மாமா ஏற்கெனவே குறிப்பெழுதியிருந்தார்.

2010 போட்டியில் ஆர்த்தி செக்வேரா என்று ஒரு பெண் இருந்தார். பிறந்தது மும்பை, வளர்ந்தது துபாய். சமையலுக்கு வருவதற்கு முன் வேலை பார்த்தது சிஎன்என்னில், தயாரிப்பாளராக. செய்தியிலிருந்து சாப்பாட்டுக்கு வருவது இந்தச் சேனலுக்குப் பழக்கமான பாதைதான். 2022இல் இரண்டு சேனல்களும் ஒரே நிறுவனத்துக்குக் கீழேயே வந்துவிட்டன. மாமாவுக்கு இந்த விவரம் எதுவும் தேவைப்படவில்லை. திரையில் மஞ்சள்பொடியைப் பார்த்தார், “நம்ம பிள்ளை” என்றார், முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் வீட்டில் யாரும் பேசக் கூடாது. ஆர்த்திக்கு எதிராகப் பேசிய நடுவர்களின் பெயர்கள் சிவப்புப் பேனாவில் ஏறின. “மெட்ராஸ்ல பிறந்த பத்மா லட்சுமிகூட முன்னால இந்தச் சேனல்ல நிகழ்ச்சி நடத்தியிருக்காங்க மாமா” என்றேன். “அப்போ இது நம்ம சேனல்தான்” என்று உரிமைப் பத்திரம் எழுதிக்கொண்டார். ஆகஸ்டில் ஆர்த்தி ஜெயித்தார். மறுநாள் எங்கள் வீட்டில் பாயசம்.

வெற்றி விழாவின் தொடர்ச்சியாக, சேனலின் ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்டுடியோ இருந்தது மன்ஹாட்டனில், ஒன்பதாம் அவென்யூவில், செல்சி மார்க்கெட் கட்டடத்தில். அது பழைய நபிஸ்கோ பிஸ்கட் தொழிற்சாலை. 1912இல் ஓரியோ பிஸ்கட் பிறந்த இடம். ரயிலேறிப் போனோம். மேலே விட மாட்டோம் என்றார் காவலாளி. மாமா கீழ்த்தளக் கடைகளைச் சுற்றி, விலைப்பலகைகளை ஒவ்வொன்றாக ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து, எதையும் வாங்காமல் வெளியே வந்தார். அவர் வாழ்க்கையில் பார்த்த மிகப் பெரிய கையாடல் அது என்று ரயிலில் சொன்னார். பேரன் மட்டும் ஒரு ஓரியோ பாக்கெட் வேண்டும் என்று அடம்பிடித்து எங்கள் ஊர்க் கடையில் வாங்கிக்கொண்டான். அந்தப் பாக்கெட்டுக்குக் கதையில் வேலை இருக்கிறது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. குடும்பத்தை உலுக்கியது ‘சாப்டு’. 2009இல் வந்த போட்டி. நாலு சமையல்காரர்கள், மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மூடிய கூடை ஒன்றைத் தருவார்கள். உள்ளே ஒன்றுக்கொன்று ஜென்மப் பகையான பொருள்கள் இருக்கும். மீனும் மிட்டாயும்கூட ஒரே கூடையில் வரலாம். எல்லாவற்றையும் சேர்த்துச் சமைத்தே ஆக வேண்டும். முதல் சுற்றுக்கு 20 நிமிடம், அடுத்த இரண்டுக்கும் 30 நிமிடம். ஐஸ்கிரீம் மெஷின் ஒன்றே ஒன்றுதான் வைத்திருப்பார்கள். இரண்டு பேர் அதற்கு ஓடுவார்கள். வேண்டுமென்றேதான் ஒன்று. எதிரே மூன்று நடுவர்கள். ஒரு வாய் எடுப்பார்கள், ஆகாயத்தைப் பார்ப்பார்கள், பிறகு பேசுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் வெளியே. கடைசியில் மிஞ்சுகிறவருக்கு 10,000 டாலர்.

மாமா தன் இனத்தைக் கண்டுகொண்டார். சமைக்காமல், காய் நறுக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் மட்டும் சாப்பிட்டுக் குற்றம் சொல்கிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். வேறு துறையில் வாழ்நாளைக் கழித்துவிட்டோமே என்ற ஏக்கம் முகத்தில் தெரிந்தது. ஒரே ஒரு ஆட்சேபம் மட்டும் எழுப்பினார். படம்பிடித்து முடித்து நடுவர் மேசைக்கு வருவதற்குள் சாப்பாடு ஆறிப்போயிருக்குமே, ஆறினதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையா? முறைதான் என்று சேனல் நினைக்கிறது. ருசி நடுவர்களுக்கு, பார்ப்பது மட்டுமே நமக்கு.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் நீதிமன்றம் கூடியது.

“அவியல்ல காய்களோட பதம் ஒருசீரா இல்ல. முருங்கக்காய் முந்திட்டு, சேனைக்கிழங்கு பிந்திட்டு. தணிக்கைத் தடை எண் ஒன்று.”

“சொதியில இஞ்சிக்குப் போதுமான பிரதிநிதித்துவம் இல்ல. தடை எண் ரெண்டு.”

“தட்டுல எல்லாம் வெள்ளையாவே இருக்கு. ஒரு கலர் வேண்டாமா?”

சொதி திருநெல்வேலிக்காரர்களுக்குச் சாதாரண விஷயமில்லை. தேங்காயில் மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பு வேகவைத்து, கடைசியில் ஊற்றும் முதல் பால் திரியாமல் இறக்க வேண்டும். மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைக்கிற கையை ஊரே மதிக்கும். மாமியார் ஊரறிந்த சொதிக் கை. அன்று அவர் எதுவும் பேசவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். பாத்திரங்கள் கழுவுதொட்டியில் விழுந்த சத்தத்தில்தான் கொஞ்சம் விவரம் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை மாமா டிவி முன்னால் உட்கார்ந்தபோது, மாமியார் துண்டு போட்டு மூடிய ஒரு கூடையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். “தினம் நீங்க தீர்ப்புச் சொல்லுதீங்க. இன்னைக்கு ஒருநா நான் சொல்லுதேன். நேரம் முப்பது நிமிசம்.”

துண்டை விலக்கினால் தக்காளி, புளி, பூண்டு, பேரனின் ஓரியோ பாக்கெட். மாமா எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேரன் செல்போனில் கடிகாரத்தைத் தட்டிவிட்டான்.

மாமா எழுந்தார். அவரிடம் ஒரு நல்ல குணம், எதையும் விதிப்படி செய்வார். சேனலில் எப்படி எல்லாப் பொருளையும் தனித்தனிக் கிண்ணத்தில் அளந்துவைப்பார்களோ அப்படியே இவரும் வைத்தார். கடுகுக்கு ஒரு கிண்ணம், சீரகத்துக்கு ஒன்று, மிளகுக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, கறிவேப்பிலைக்கு ஒன்று, பெருங்காயத்துக்கு ஒன்று, கறிவேப்பிலையின் காம்புக்கு ஒன்று. ஒரு ரசத்துக்காக எங்கள் வீட்டுக் கிண்ணங்கள் முழுவதும் வெளியே வந்தன. பிறகு என் மகனின் சின்ன வயதுக் கிண்ணங்களும் பரணிலிருந்து இறங்கின. தாளிக்கும்போது கடுகு வெடித்ததும் ஒரு அடி பின்வாங்கினார். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ரசம் நுரைகட்டி வரும் நேரத்தில், கொதிக்கவிடாமல், சரியாக அடுப்பை அணைத்தார். வெறும் பார்வையிலேயே அந்த ஒன்றைக் கற்றிருந்தார். டிவியிலிருந்தா, நாற்பது வருடமாக அடுப்படி வாசல் வழியாகவா என்று தெரியவில்லை.

“கை தூக்குங்க தாத்தா!” என்றான் பேரன். தூக்கினார்.

ரசம் டம்ளரில் வந்தது. பக்கத்துத் தட்டில் இரண்டு ஓரியோ. “தொட்டுக்க” என்றார் மாமா. விதிப்படி கூடையில் இருந்த நாலும் பரிமாறப்பட்டாயிற்று.

மாமியார் ஆகாயத்தைப் பார்க்கவில்லை. மடக் மடக்கென்று குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். “உப்பு சரியா இருக்கு” என்றார்.

“அவ்வளவுதானா?”

“நாப்பது வருசமா நான் வைக்கேன். உப்பு சரியா இருந்த அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் சொல்லிட்டேன்.”

ஹாலில் சேனல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மாமா கழுவுதொட்டியைப் பார்த்தார். கிண்ணங்கள் மலையாகக் கிடந்தன. “இத யாரு தேய்க்கது?” என்று மெதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் அவரே தேய்த்தார். அப்போதுதான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். “ஏம்மா, இத்தனை நாளா பாக்கேன். அந்தச் சேனல்ல ஒருத்தன்கூடப் பாத்திரம் தேய்க்கல!”

அவர் எழுதிய தணிக்கைத் தடைகளில் மிக முக்கியமானது அதுதான். எனக்கு அது வெறும் வேடிக்கையாகப் படவில்லை. எழுத்தாளர் மைக்கேல் பாலன் 2009இல் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சராசரி அமெரிக்கர் நாளொன்றுக்குச் சமைக்கச் செலவிடுவது 27 நிமிடம் என்றார். ஜூலியா சைல்ட் 1963இல் தொலைக்காட்சியில் சமைக்கத் தொடங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. ஒரு ‘சாப்டு’ பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும். அதாவது சமைப்பதைவிட, அடுத்தவர் சமைப்பதைப் பார்க்கும் நேரம் அதிகமாகிவிட்டது. சேனலுக்கும் இது தெரியும். அதனால்தான் சமைக்கச் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சிகளைப் பகலுக்குத் தள்ளிவிட்டு, கூட்டம் சேரும் ராத்திரி நேரத்தைப் போட்டிகளுக்கும் நடுவர்களுக்கும் கொடுத்தது. வெந்நீர் வைக்கச் சொல்லிக்கொடுத்துத் தொடங்கிய சேனல், வெந்நீரில் குறை கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பதில் வந்து நிற்கிறது.

அதைக் கற்றுக்கொள்ள நமக்குச் சேனல் தேவையே இல்லை. நம் வீடுகளில் சமைக்கிற ஆள் ஒருத்தி, நடுவர்கள் நாலு பேர் என்ற ஏற்பாடு கேபிள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அமலில் இருக்கிறது. பரிசுத்தொகை மட்டும்தான் கிடையாது.

ஆகவே வாசகர்களே, சமையல் சேனலைத் தாராளமாகப் பாருங்கள். சைவர்களும் பார்க்கலாம், மாமா தீர்ப்பே கொடுத்திருக்கிறார். சாப்பாட்டுக்கு மார்க்கும் போடுங்கள். மார்க் போட்டதும் எழுந்துபோய், சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி வையுங்கள். உப்பு சரியாக இருந்தால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.